சேட்டர் சாலையின் ஞாயிற்றுக்கிழமை

ஹாங்காங் தீவின் வடகரையிலே, கடலைத் தூர்த்து மீட்ட நிலத்தின்மேல், வங்கிகளும் ஹோட்டல்களும் பழைய உச்ச நீதிமன்றத்தின் கல் மாளிகையும் சூழ அமைந்திருக்கும் சேட்டர் சாலை, நீளத்தில் சாமானியமான ஒரு வீதியே. ஆயினும் ஆசியக் கண்டத்தின் சமீப காலச் சரித்திரத்தில் அதற்குரிய ஸ்தானம் சாமானியமானதன்று. வாரத்தில் ஆறு நாட்கள் உத்தியோகஸ்தர்கள் விரைந்து நடக்கும் அந்த வீதியில், ஞாயிறு காலையில் மோட்டார் வண்டிகள் நிறுத்தப்படுகின்றன. தார் ரஸ்தாவின்மேல் அட்டைகள் விரிக்கப்படுகின்றன. பிலிப்பைன்ஸ் தேசத்தின் நானாவித மாகாணங்களிலிருந்து வந்து இந்நகரத்து வீடுகளில் சமைத்தும் துவைத்தும் பிறர் குழந்தைகளை வளர்த்தும் ஜீவனம் செய்யும் பெண்கள், ஆயிரக்கணக்கில் கூடியமர்ந்து, பொழுது சாயும்வரை உண்டும் பாடியும் ஜபித்தும், ஒருவர் தலையை ஒருவர் வாரிவிட்டும், ஊர்க் கதைகளைப் பரிமாறிக்கொண்டும் இருந்துவிட்டு, இருட்டியபின் எழுந்து போகிறார்கள். முதன்முறை காணும் யாத்திரிகர் இதை ஏதோ திருவிழா என்றே எண்ணிக்கொள்வார். வாரந்தோறும் தவறாமல் நடக்கும் இந்தக் கூட்டம் எவ்வாறு உண்டாயிற்று, எந்தச் சட்டமும் எந்த நிர்ப்பந்தமும் இதை உண்டாக்கின என்று விசாரிப்பவர்களுக்கு, நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு தொடர்ச்சி புலனாகும்.

சாலைக்குப் பெயர் தந்த ஸர் பால் சேட்டர், கல்கத்தாவில் 1846-ஆம் ஆண்டு பிறந்து, அங்கேயே கல்வி பயின்று, பதினெட்டு வயதில் வங்கிக் குமாஸ்தாவாக ஹாங்காங் வந்து சேர்ந்த ஓர் ஆர்மீனியர். பெரும் செல்வம் ஈட்டிய பின்னர், 1889-இல் கெஸ்விக் என்ற ஸ்காட்லாந்து வர்த்தகருடன் கூட்டாக ஒரு நிலக் கம்பெனியை ஸ்தாபித்த அவரே, கரையோரக் கடலைத் தூர்த்து நகரை விஸ்தரிக்கும் பெருந்திட்டத்துக்கும் மூல புருஷராக இருந்தார். அந்த வேலை 1890-இல் தொடங்கி 1904 வரை நடந்தது. அவ்வாறு கிடைத்த நிலத்தில் விக்டோரியா ராணியின் வெண்கலச் சிலையை 1896-இல் நிறுவி, சிலைச் சதுக்கம் என்ற திறந்தவெளியையும் அமைத்தார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானியர் இங்கிருந்த சிலைகளை உருக்குவதற்காக எடுத்துச் சென்றனர். மீண்டு வந்த ராணியின் சிலை வேறொரு பூங்காவுக்குப் போய்விட, இன்று சதுக்கத்தில் நிற்பவர் தாமஸ் ஜாக்ஸன் என்ற வங்கி அதிகாரி ஒருவரே. சதுக்கம் காலியாக இருந்தது என்பதும், அது வேலியின்றிப் பொதுவாக விடப்பட்டிருந்தது என்பதும் பின்னால் நடந்தவற்றுக்கு இன்றியமையாத காரணங்களாயின.

பிலிப்பினோக்கள் இந்த நகரத்துக்குப் புதியவர்கள் என்று நினைப்பது பிழை. அத்தேசத்தின் விடுதலை இயக்கத்துக்கு வித்திட்ட ஹொஸே ரிஸால், 1888-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதன்முதலாக இங்கே கரையிறங்கியபோது, சீனர்களின் புத்தாண்டு வந்து வாய்த்தது. இரவு பகலாக வெடிக்கும் பட்டாசுச் சத்தமும், பெரிய வீடுகளில் விருந்தாளிக்கு மேன்மேலும் படைக்கப்பட்டுக்கொண்டேயிருந்த பதார்த்தங்களும் அவரைத் திகைக்க வைத்தன. நாடக சாலைக்குப் போனவர், நடிகன் ஒரு கோலைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டால் குதிரையில் பாய்ந்து போகிறான் என்றும், காலைத் தூக்கி வைத்தால் வீட்டுக்குள் நுழைகிறான் என்றும், சிவப்பு ஆடை கல்யாணத்தைக் குறிக்கும் என்றும் சபையினர் புரிந்துகொள்வதைக் கண்டு வியந்து குறித்துக்கொண்டார். தெருக்கூத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு இதில் அதிசயம் தோன்றாது. ஸ்பானியக் கலாசாரத்தில் தோய்ந்திருந்த மணிலாவிலிருந்து வந்தவருக்கோ, ஒரு சில நாள் கப்பல் பிரயாண தூரத்திலிருந்த அயல்வீடு முற்றிலும் வேறொரு உலகமாக இருந்தது. அயல்வீட்டைப் பற்றிய அந்த வியப்பு, அவருக்குப்பின் வந்த ஒவ்வொரு தலைமுறைப் பிலிப்பினோவுக்கும் இந்நகரத்தில் நேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

ரிஸால் 1891 நவம்பரில் மறுபடியும் வந்தார். இம்முறை கண் வைத்தியராக. டாகிலார் தெருவில் ஐந்தாம் எண் கட்டிடத்தில் வைத்தியசாலை வைத்து, மலைச்சரிவிலே ரெட்நாக்ஸெலா டெரஸ் என்ற சிறு சந்தில் குடியிருந்தார். ஸ்பானிய அதிகாரத்தால் சொந்த ஊரில் துன்புறுத்தப்பட்ட தந்தையும் தமையனும், பின்னர் தாயாரும் சகோதரிகளும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். பார்வை மங்கியிருந்த தாயாரின் கண்ணுக்கு அவரே சிகிச்சை செய்தார். ரிஸாலின் மரணத்துக்குமுன் அந்தக் குடும்பம் ஒரே கூரையின்கீழ்க் கவலையின்றி உண்டு உறங்கிய கடைசி மாதங்கள் ஹாங்காங்கில் கழிந்தவையே. 1892 ஜூனில் அவர் தாய்நாடு திரும்பினார். 1896 டிசம்பர் 30-ஆம் நாள் மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். டாகிலார் தெருவிலிருந்து சேட்டர் சாலைக்கு நடந்து போகச் சில நிமிஷங்களே ஆகும்.

அடுத்து வந்தவர்கள் போராட்டத் தலைவர்கள். 1897 டிசம்பரில் ஸ்பானியருடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி எமிலியோ அகினால்டோவும் அவருடைய சகாக்களும் நாடு கடந்து ஹாங்காங் வந்து தங்கினார்கள். 1898 மே மாதம், மாரிஸன் ஹில் சாலையில் 535-ஆம் எண் வீட்டில், மார்ஸேலா அகோன்ஸில்லோ என்ற மாது, தம் சிறு மகள் லொரென்ஸாவையும் ரிஸாலின் மருமகளான டெல்ஃபினாவையும் துணைக்கு வைத்துக்கொண்டு, பட்டுத் துணியிலே ஒரு கொடியைத் தைத்தார். தையலும் பொன்னிழை வேலையும் முடிய ஐந்து நாட்கள் ஆயின. அந்தக் கொடியே அகினால்டோவுடன் கப்பலேறி, ஜூன் 12-ஆம் நாள் சுதந்தரப் பிரகடனத்தின்போது கவித் என்ற ஊரில் ஏற்றப்பட்டது. ஒரு தேசத்தின் கொடி அந்நிய நகரமொன்றின் வாடகை வீட்டில் பெண்களின் கையால் உருவாயிற்று என்பதை, சேட்டர் சாலையில் அமர்ந்திருக்கும் பெண்களை வெறும் கூலிக்கு வந்தவர்கள் என்று பார்ப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இதற்கிடையே சங்கீதக்காரர்களும் கடல் கடந்துகொண்டிருந்தனர். ஸ்பானியப் பாதிரிமார்களிடமும் ராணுவ வாத்தியக் குழுக்களிலும் மேற்கத்திய இசையைக் கற்றுத் தேர்ந்த மணிலா வித்வான்களைக் கொண்டே 1879-இல் ஷாங்காய் நகர வாத்தியக் குழு அமைக்கப்பட்டது. பிறகு ஹோட்டல்களிலும் நடன சாலைகளிலும், ஷாங்காய் முதல் மலாயா வரை, பிலிப்பினோ வாசிக்காத துறைமுகம் இல்லை என்னும்படி ஆயிற்று. 1949-இல் ஷாங்காய் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறிய காலத்தில் அவர்களில் பலர் ஹாங்காங்குக்கு வந்து, சினிமாவுக்கும் கேளிக்கை விடுதிகளுக்கும் வாசித்தார்கள். அந்நகரத்துச் சினிமாப் பாட்டின் வளர்ச்சியில் அவர்களுக்கும் அவர்களுடைய மக்களுக்கும் பெரும் பங்குண்டு.

ஆண்கள் வாத்தியத்தோடு வந்த காலத்தில், ஹாங்காங்கின் வசதியான வீடுகளில் வேலை செய்தவர்கள் சீனப் பெண்களே. கான்டன் மாகாணத்தில் ஷுண்டே என்னும் பட்டு நாட்டிலே, கூந்தலை முடிந்துகொண்டு ஆயுள் பரியந்தம் விவாகம் செய்வதில்லையென்று விரதம் பூணும் வழக்கமொன்று இருந்தது. 1930-களில் பட்டுத் தொழில் சரிந்தபோது, அந்த விரதப் பெண்கள் வெள்ளை மேற்சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்து ஹாங்காங், சிங்கப்பூர், மலாயா வீடுகளில் ஆயாக்களாகப் புகுந்தார்கள். அவர்கள் கெட்டிக்காரிகள், கண்டிப்பானவர்கள். முதுமைக்கென்று தங்களுக்குள்ளே சங்கமும் விடுதியும் அமைத்துக்கொண்டவர்கள். 1970-களில் அவர்களுக்கு வயதாகிவிட்டது. ஏழை வீட்டுச் சீனப் பெண்கள் ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள். படித்த குடும்பத்துத் தாய்மார்களும் உத்தியோகம் பார்க்கத் தொடங்கினார்கள். வீட்டைப் பார்க்க ஆள் இல்லை.

அதே சமயத்தில் பிலிப்பைன்ஸில் வேலை இல்லாதிருந்தது. எண்ணெய் விலையேற்றத்தாலும் வெளிநாட்டுக் கடனாலும் தத்தளித்த மார்க்கோஸ் சர்க்கார், 1974-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின் மூலம் ஜனங்களை வெளிதேச வேலைக்கு அனுப்புவதை ஒரு ராஜாங்கக் கொள்கையாகவே ஆக்கிற்று. அமெரிக்கர்கள் ஏற்படுத்திய பள்ளிக்கூடங்களின் பயனாக அத்தேசத்துப் பெண்களுக்கு ஆங்கிலம் தெரியும். தங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் பேச வேண்டுமென்பது ஹாங்காங் தாய்மார்களின் பேராசை. ஆகவே வந்தவர்களில் பள்ளி ஆசிரியைகள் பலர். கல்லூரியில் படித்தவர்களும் உண்டு. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், இங்கே ஒரு வீட்டின் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறூட்டினால் அதைவிடப் பன்மடங்கு சம்பளம் கிடைத்தது என்றால், அந்தத் தேசத்தின் துர்த்தசையை வேறு எவ்விதம் விளக்குவது!

வந்தவர்களுக்கு நேர்ந்த ஆச்சரியங்கள் அடுக்களையிலேயே தொடங்கின. காலையில் பூண்டு தாளித்த சோற்றையும் பொரித்த கருவாட்டையும் உண்டு வளர்ந்த பெண்ணுக்கு, அடைத்த சன்னல்களையுடைய பதினைந்தாவது மாடி வீட்டில் கருவாடு பொரிக்கலாகாது என்பது முதல் பாடம். கரண்டியும் முள்கரண்டியும் கொண்டு, அல்லது சுகமாகக் கையினாலே, உண்பவர்கள் இரண்டு குச்சிகளைப் பிடிக்கக் கற்க வேண்டும். அவற்றைச் சோற்றுக் கிண்ணத்தில் செங்குத்தாக நிறுத்திவிட்டால் பிதிரர்களுக்குப் படைக்கும் ஊதுவத்தியை அது நினைவூட்டுமாதலால் வீட்டுக் கிழவியின் முகம் கறுக்கும். எலும்பும் வேரும் உலர்ந்த பழமும் சேர்த்து மணிக்கணக்காகச் சுண்டவைக்கும் சூப்பு எந்த மாதத்தில் எந்த உஷ்ணத்துக்கு என்பதையும் அந்தக் கிழவியிடமே பயில வேண்டும். தினந்தோறும் தவறாமல் பெருக்கச் சொன்ன எஜமானி, சீனப் புத்தாண்டின் முதல் நாளன்று மட்டும் துடைப்பத்தைத் தொடாதே, வந்த அதிர்ஷ்டத்தைத் தள்ளிவிடுவாய் என்பாள்; சிவப்பு உறையிலே பணமும் தருவாள். கிறிஸ்துமஸை செப்டம்பர் மாதத்திலிருந்தே எதிர்பார்க்கத் தொடங்கிவிடும் ஜனங்களுக்கு, அந்தப் பண்டிகையைக் கடை அலங்காரமாக மட்டும் கொண்டாடும் வீட்டில் டிசம்பரைக் கழிப்பது மிகக் கடினம். மூத்தவளை ‘ஆத்தே’ என்றும் மூத்தவனை ‘குயா’ என்றும் அழைத்து, பெரியவர்களிடம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மரியாதைச் சொல் சேர்த்துப் பேசிப் பழகிய நாவுக்கு, மொட்டையாக ஏவும் குரல் உறைக்காமலிராது. இருந்தும் அந்த வீட்டுக் குழந்தைகள் ஆங்கிலத்தை இவர்கள் உச்சரிப்பிலேயே கற்றன. காய்ச்சல் வந்தால் இவர்கள் மடியைத்தான் தேடின.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது சட்டம். பணிப்பெண் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வரவேண்டும். எஜமானரின் வீட்டிலேயே வசிக்க வேண்டும். 1987 முதல், ஒப்பந்தம் முறிந்தால் இரண்டு வாரத்தில் நகரை விட்டு நீங்க வேண்டும். ஹாங்காங் வீடுகளின் பரப்பை அறிந்தவர்களுக்கு வீட்டில் வசிப்பதென்பதன் பொருள் புரியும்: குழந்தையின் கட்டிலுக்கு மேல் தட்டு, அல்லது சமையலறையை ஒட்டிய ஒரு மூலை, அல்லது விளக்கணைந்தபின் கூடத்திலே விரிக்கும் படுக்கை. அவளைக் காண ஒரு தோழி வந்தால் உட்காரச் சொல்ல நாற்காலி அவளுடையதன்று. ஆனால் அதே நகரத்தின் வேலைச் சட்டம், ஏழு நாட்களில் ஒரு நாள், இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வை அவளுக்கும் உரிமையாக்கியிருந்தது. தங்குவதற்குத் தன் இடமில்லை, ஆனால் வெளியேறுவதற்கு ஒரு நாள் உண்டு. இந்த இரண்டு விதிகளும் கூடிய இடத்தில்தான் சேட்டர் சாலையின் ஞாயிற்றுக்கிழமை பிறந்தது. சிங்கப்பூரில் வார ஓய்வு சட்டமானது 2013-ஆம் ஆண்டுதான். வளைகுடா நாடுகளின் வீடுகளுக்குப் போன இலங்கை, தமிழ்நாட்டுப் பெண்களோ, சட்டத்தின் துணையின்றிப் பல காலம் மாதக்கணக்காக வாசலைத் தாண்டாமல் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கென ஒரு சேட்டர் சாலை அங்கே உண்டாகாததன் காரணம் இதுவே.

சாலையை அடைத்தவர்கள் இந்தப் பெண்களுக்காக அடைக்கவில்லை. 1982-இல், ஞாயிறுகளில் வெறிச்சோடிக் கிடந்த மத்தியப் பகுதிக்கு வாடிக்கைக்காரர்களை வரவழைக்கும் பொருட்டு, சேட்டர் ஸ்தாபித்த அதே நிலக் கம்பெனிதான் வண்டிப் போக்குவரத்தை அன்றைக்கு நிறுத்தும் யோசனையைக் கொண்டுவந்தது. வந்தவர்கள் வேறு. அருகே கார்டன் சாலையில் புனித சூசையப்பர் ஆலயம். பூசை முடிந்து இறங்கினால் சதுக்கம். பக்கத்தில் உலக மாளிகை என்ற கட்டிடத்தில் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளும் பிலிப்பினோ மளிகையும். 1985-இல் கட்டி முடிந்த ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் புதிய மாளிகை, தரைத்தளத்தைச் சுவரின்றிப் பொதுவழியாகத் திறந்து விட்டிருந்தமையால், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கப் பெரியதொரு கூரை கிடைத்தது.

கூட்டத்தை அருகிலிருந்து கவனித்தால் அதற்குள் ஒரு பூகோளமே இருப்பது தெரியும். இலோக்கானோ பேசுவோர், இலோங்கோ பேசுவோர், மலைநாட்டு இகோரோத்துகள் என்று மாகாணவாரியாக, ஊர்வாரியாக, அவரவர்க்கு வழக்கமான தூணும் படிக்கட்டும் உண்டு. புதிதாக வந்தவள் தன் ஊர்க்காரிகளை எந்தத் தூணருகில் தேட வேண்டுமென்பதை ஊரிலேயே கேட்டறிந்து வருகிறாள். பழைய பெட்டிகளின் அட்டையைப் பிரித்துத் தரைக்கு விரித்து, மற்றும் சிலவற்றை நிமிர்த்தி நாடாவால் ஒட்டினால் முழங்கால் உயரச் சுவர் எழும்பிவிடும். செருப்பைக் கழற்றிச் சுவருக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். உள்ளே அடோபோ என்ற வினிகர் சேர்த்த இறைச்சிக் கறியும் பான்ஸித் சேமியாவும் பொதுவில் வைக்கப்பட்டிருக்கும். ஒருத்தி நகத்துக்குச் சாயம் பூசுவாள். ஒருத்தி மாதச் சீட்டுப் பணம் வசூலிப்பாள், ஏனெனில் நம் ஊர்ச் சீட்டைப்போலவே ‘பலுவாகன்’ என்ற ஏற்பாடு அவர்களுக்கும் உண்டு. சற்றுத் தள்ளி இகோரோத்துப் பெண்கள் பித்தளைச் சேகண்டியை முழக்கி வட்டமாக ஆடுவார்கள். அழகுப் போட்டிகளுக்கு மாதக்கணக்கில் ஒத்திகை நடக்கும். அவற்றைப் படம்பிடித்த ‘ஸண்டே பியூட்டி க்வீன்’ என்ற ஆவணப்படம் 2016-ஆம் ஆண்டு மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

எல்லாவற்றிலும் மனத்தைத் தொடுவது பெட்டி கட்டும் காட்சி. தாயகம் திரும்புவோரின் பெட்டி என்ற பொருளில் ‘பாலிக்பாயன்’ பெட்டி எனப்படும் அந்தப் பெரிய அட்டைப் பெட்டிக்கு, 1980-களின் பிற்பகுதியிலிருந்து பிலிப்பைன்ஸ் சர்க்கார் சுங்கச் சலுகை தந்து வருகிறது. அடியில் டின்களில் அடைத்த இறைச்சி, அதன்மேல் சோப்பும் ஷாம்பும், இடுக்குகளில் சாக்லேட், நாலாபுறமும் துண்டுகளும் காலணிகளும். காலணிக்குள்ளே காலுறை, காலுறைக்குள்ளே பற்பசை என்று ஒரு விரற்கடை இடமும் வீணாகாமல் நிரப்பி, இரண்டு பெண்கள் மேலே ஏறி அமர்ந்து அழுத்த, மூன்றாமவள் நாடா சுற்றுவாள். மாதக்கணக்காகச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்தது, கப்பலில் வாரக்கணக்காகப் போய், கிறிஸ்துமஸுக்குமுன் ஒரு கிராமத்து வீட்டுக் கூடத்தில் பிரிக்கப்படும். தான் வளர்க்காத தன் பிள்ளையின் கால் அளவைக் கடிதத்தில் கேட்டுக் காலணி வாங்குகிற தாய்மார்களின் வாழ்க்கை இது.

இந்தச் சாலை அரசியலும் கற்பித்தது. வெளிதேசத்தில் உழைக்கும் பணிப்பெண்கள் தம் சம்பளத்தில் பாதியை வங்கி மூலம் கட்டாயமாக அனுப்ப வேண்டுமென்று மார்க்கோஸ் 1982-இல் உத்தரவு பிறப்பித்தபோது, எதிர்ப்பு இங்கேதான் திரண்டது. உத்தரவை மீறுவோருக்கான தண்டனைகள் 1985-இல் ரத்தாயின; அந்தக் கிளர்ச்சியிலிருந்தே ஹாங்காங் பிலிப்பினோக்களின் ஐக்கிய சங்கம் உதயமாயிற்று. புனித ஜான் தேவாலயத்தில் 1981 முதல் இயங்கும் தொழிலாளர் மிஷன், கைவிடப்பட்ட பெண்களுக்கு வழக்கு நடத்தவும் தங்க இடம் கொடுக்கவும் முன்வந்தது. 2003-இல் பணிப்பெண்களின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 3,670 ஹாங்காங் டாலரிலிருந்து 3,270 ஆகக் குறைத்தபோதும் ஊர்வலம் கிளம்பிய இடம் மத்தியப் பகுதியே.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எதிர்ப்பும் இல்லாமலில்லை. 1992-இல், கடைக்காரர்களின் முறையீட்டைக் காரணங்காட்டி, சாலையை மறுபடியும் வண்டிகளுக்குத் திறந்துவிட வேண்டுமென்று நிலக் கம்பெனி கோரிற்று. இந்தப் பெண்களை நிலத்தடி வண்டி நிறுத்தங்களுக்கு அனுப்பலாமென்றும் யோசனைகள் எழுந்தன. பத்திரிகைகளில் மாதக்கணக்காகக் கடிதப் போர் நடந்தது. தங்கள் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த அதே பெண்களை, கண்ணில் படாத இடத்தில் வைக்கக் கருதிய அந்த மனோபாவம் ஒரு செழிப்பான நகரத்துக்குப் பெருமை தருவதன்று. நல்லவேளையாகச் சாலை திறக்கப்படவில்லை.

உரிமைக்கான வாசல் மட்டும் திறக்கவில்லை. ஏழாண்டு வசித்த பிற அந்நியர்களுக்கு நிரந்தர வாசம் கிடைக்கும்போது பணிப்பெண்ணுக்கு ஏன் கூடாது என்று இருபதாண்டுக்கு மேல் அங்கே உழைத்த ஒரு பிலிப்பினோ மாது தொடுத்த வழக்கில், கீழ் நீதிமன்றம் 2011-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இறுதி மேல்முறையீட்டு மன்றம் 2013 மார்ச்சில் அதை மறுத்துவிட்டது. இன்று அந்த நகரத்தில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பிலிப்பினோக்கள். அவர்களில் எத்தனை ஆண்டு உழைத்தவருக்கும், ஒப்பந்தம் முடிந்தால், அங்கே தங்கியிருக்கும் உரிமை இல்லை.

ரிஸால் குடியிருந்த சந்திலும் வைத்தியம் பார்த்த தெருவிலும் நினைவுப் பலகைகள் இருக்கின்றன. கொடி தைத்த இடத்திலும் இருக்கிறது. அவை நியாயமே. ஆனால் ஹாங்காங்கின் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, அவர்களுடைய தாய்மார்களை உத்தியோகத்துக்கு அனுப்பிவைத்து, அந்நகரத்தின் செல்வத்துக்குத் தோள் கொடுத்தவர்கள் சேட்டர் சாலையின் பெண்கள். கடலைத் தூர்த்த வர்த்தகருக்குச் சாலையின் பெயரும் வங்கி அதிகாரிக்குச் சிலையும் கொடுத்த நகரம், அதே சாலையில் அந்தப் பெண்களுக்கும் ஒரு கல் நாட்ட வேண்டும். அதற்குமுன், அவர்கள் விரும்பினால் எஜமானர் வீட்டுக்கு வெளியே குடியிருக்க அனுமதி தர வேண்டும்.